இரண்டாம் பதிவேடு, பக்கம் 61

“14.6.1992, ஞாயிறு. கிள்ளான் சங்கம். இரண்டாம் பதிவேடு, பக்கம் 61. கீழ்வீட்டு அக்காவின் அப்பா இருக்கிறார். மெஷின் வாங்கியதும் முழுதாக எடுக்க வேண்டும். திரும்பும்போது பஸ்ஸில் சுபாங் வரை நின்றுகொண்டே வந்தேன்.”

என் நாட்குறிப்பில் அந்த நாளுக்கு இருப்பது இவ்வளவுதான். நீல மை. கையெழுத்து நன்றாகவே இருக்கிறது. பஸ்ஸில் நின்றதை எழுத எனக்கு இடம் இருந்திருக்கிறது. பக்கம் 61இல் என்ன இருந்தது என்று எழுத இடம் இல்லாமல் போயிருக்கிறது. 1995இலிருந்து இந்தப் பக்கத்தைப் புரட்டும்போதெல்லாம் நோட்டைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போல வருகிறது. அடித்ததில்லை. நோட்டுகளை அப்படி நடத்துகிற ஆள் நான் இல்லை. அந்தப் பத்திரப்படுத்தும் புத்திதான் இப்போது எனக்கு ஆத்திரத்தைக் கூட்டுகிறது.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

அப்போது கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவரிசைக்கு மேல்மாடியில் குடியிருந்தோம். காப்புறுதி அலுவலகமொன்றில் கோப்புப் பிரிவில் எனக்கு வேலை. வேலை முடிந்த நேரமெல்லாம் பழைய பதிவுகளைத் தேடிப் போவேன். கல்லறை வரிகள், கோயில் உபய ஏடுகள், பள்ளிக்கூட வருகைப் புத்தகங்கள். யாரும் என்னைக் கேட்கவில்லை, யாரும் சம்பளம் தரவில்லை. எங்கள் ஆட்கள் எந்தக் கப்பலில் வந்தார்கள், எங்கே வேலை செய்தார்கள், எப்போது செத்தார்கள் என்று ஒருவராவது தேதியோடு எழுதி வைக்க வேண்டும் என்று எனக்குள் ஒரு பிடிவாதம்.

கீழ்வீட்டில் ஓர் அக்கா இருந்தார். காலையில் கடைகளுக்கு முன்னால் உள்ள ஐந்தடிப் பாதையில் அப்பமும் வடையும் போடுவார். அந்தக் கடையின் லைசென்ஸ் வேறொருவர் பெயரில் இருந்தது, ஏனென்றால் அக்காவிடம் இருந்த அடையாள அட்டை சிவப்பு ஐ.சி. குடிமக்களுக்குத்தான் நீலம். இந்த நாட்டில் பிறந்து, இந்த நாட்டிலேயே ஐம்பது வயதைத் தாண்டியும் அவர் குடியுரிமை இல்லாதவர். பிறப்புப் பத்திரம் ஜப்பான்காரன் காலத்தில் தொலைந்துவிட்டது. அப்பா போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில், இன்றைய போர்ட் கிள்ளானில், மூட்டை தூக்கியவர், 1941இல் இறந்துபோனார். அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். மூத்த பிள்ளைகள் மூவரும் ஊரில் பிறந்து அம்மாவோடு கப்பலில் வந்தவர்கள். தான் மட்டும் துறைமுகத் தொழிலாளர் லயத்தில் பிறந்ததாக அம்மா சொல்லியிருக்கிறார் என்பார் அக்கா. மனு கொடுக்கப் போன இடத்தில், அந்தக் காலத்துக் காகிதம் ஏதாவது, ஒரு சங்கத்தின் சாப்பு, அதாவது முத்திரை, குத்திய நகலாக இருந்தாலும் பரவாயில்லை, கொண்டு வந்தால் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

அப்படி ஒரு காகிதம் இருந்தது. எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும்.

கிள்ளானில், மளிகைக் கடைக்கு மேல்மாடியில், ஒரு மரண சகாயச் சங்கம் இருந்தது. துறைமுகத்திலும் ரயில்வேயிலும் வேலை செய்தவர்கள் போருக்கு முன்பே தொடங்கியது. உறுப்பினர் இறந்தால் காரியச் செலவுக்குப் பணம் கொடுத்து, அவர் குடும்ப விவரத்தைப் பதிவேட்டில் ஏற்றுவார்கள். பெயர், ஊர், வேலை, இறந்த தேதி, மனைவி, பிள்ளைகள், ஒவ்வொரு பிள்ளையும் பிறந்த இடம். பிறந்த இடத்துக்கு ஒரு தனிப் பத்தி கட்டி எழுதிய அந்த ஆரம்பகாலக் காரியதரிசி யாரென்று தெரியவில்லை. ஊரில் பிறந்த பிள்ளைக்கு ஊர்ப்பெயர் எழுதுவார். அடுத்த பிள்ளையும் அதே ஊர் என்றால் ‘௸’ என்று, மேற்படி என்பதற்கான பழைய குறியைப் போடுவார். இந்த நாட்டில் பிறந்த பிள்ளைக்கு ‘இவ்விடம்’ என்று எழுதுவார்.

பதிவேடுகள் அந்த அறையைவிட்டு வெளியே போகக் கூடாது. மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை கூட்டம். தேவாரம் பாடி முடிந்த பிறகுதான் அலமாரி திறக்கும். உறுப்பினருக்கோ உறுப்பினரின் வாரிசுக்கோதான் காட்டுவார்கள். என் அப்பா உறுப்பினராக இருந்தவர், ஆகவே எனக்குக் காட்டினார்கள். அக்காவுக்குக் காட்ட மாட்டார்கள். இறந்தவரின் மகள் என்பதற்கு அத்தாட்சி கொண்டு வா என்பார்கள். அவர் மகள் என்பதற்கு இருந்த ஒரே அத்தாட்சி அந்த அலமாரிக்குள் இருந்தது.

14.6.1992 அன்று பக்கம் 61ஐக் கண்டுபிடித்தேன். அக்காவின் அப்பா பெயர், அம்மா பெயர், நான்கு பிள்ளைகள். நான்காவது பெயர் அக்காவுடையது. நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். கையில் பேனா இருந்தது. பையில் நோட்டு இருந்தது. காரியதரிசி பக்கத்து மேசையில் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். சாப்பும் மைப்பெட்டியும் அவர் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தன. நான்கு வரி எழுதி அவர் முன்னால் நீட்டியிருந்தால் குத்தியிருப்பார்.

நான் எழுதவில்லை. காரணம் இருந்தது. அந்தக் காரணத்தை அப்போது பெருமையோடு காரியதரிசி உட்பட நாலு பேரிடம் சொன்னேன்.

அதற்குச் சில வருடங்கள் முன்பு ஒரு கோயிலின் உபய ஏட்டை முழுவதும் கையால் எழுதி எடுத்தேன். வீட்டுக்கு வந்து தட்டச்சு செய்தேன். பிறகு மூலத்தோடு ஒத்துப் பார்த்தபோது ஏகப்பட்ட பிழைகள். பாதி கையால் எழுதும்போது வந்தவை, மீதி தட்டச்சில் வந்தவை. இரண்டு முறை படியெடுத்தால் பிழை இரட்டிப்பாகிறது என்று அன்றைக்கு ஒரு முடிவுக்கு வந்தேன். இனிமேல் படியெடுத்தால் ஒரே முறை, மூலத்தின் முன்னால் உட்கார்ந்து, நேராக மெஷினில். சங்கத்தின் இரண்டு பதிவேடுகளையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை அப்படி ஏற்றி, அச்செடுத்து, பக்கத்துக்குப் பக்கம் சாப்பு வாங்கி, அக்காவுக்கு ஒரு பிரதி கொடுப்பது என் திட்டம். மடிக்கணினி என்ற சொல் அப்போது எங்கள் வாயில் வரவில்லை. நோட்புக் என்போம். அக்கா மெஷின் என்பார்.

20.6.1992, சனிக்கிழமை. என் மனைவியின் தம்பி சுபாங் ஜெயாவில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் விற்பனைக்கு இருந்தார். அவரிடம் போனேன். கண்ணாடி அலமாரியில் 386 நோட்புக் ஒன்று, மூலையில் ஒரு கீறலோடு, திறந்து வைத்திருந்தார்கள். அதன் முன்னால் குனிந்தேன். என் தோளைப் பிடித்து நிமிர்த்தினார்.

“அத்தான், இத வாங்காதீங்க லா. செத்த பொருள். 486 நோட்புக்ல வந்துகிட்டே இருக்கு. மூணு மாசம் பொறுங்க, இதே காசுக்கு அது கெடைக்கும்.”

“எனக்குப் பதிவேடு அடிக்கத்தான் வேணும்.”

“இன்னைக்கிப் பதிவேடு அடிப்பீங்க. நாளைக்கி வேற ஏதாச்சும் அடிப்பீங்க. அப்போ வந்து, மச்சான், ஸ்லோவா இருக்கே, ஏன் அன்னிக்கே சொல்லலன்னு என் சட்டையப் புடிப்பீங்க. சொந்தக்காரனுக்குப் பழச வித்தான்னு எங்க அக்கா வேற என்னை ஏசும்.”

கடைக்காரர் ஒருவர் வாங்காதே என்கிறார், அதுவும் சொந்தக்காரர். நம்பினேன். நன்றி கூடச் சொன்னேன்.

செப்டம்பரில் 486 வந்தது. விலை இறங்கவில்லை. தீபாவளிக்குப் பிறகு இறங்கும் என்றார். தீபாவளிக்குப் பிறகு, சீனப் பெருநாளுக்கு என்றார். 22.5.1993 அன்று நான் பணத்தோடு போனபோது, கலர் ஸ்கிரீன் வரப்போகிறது, கறுப்பு வெள்ளை இனி எவனும் தொட மாட்டான் என்றார். எனக்குக் கலர் எதற்கு? பதிவேட்டில் இருந்தது கறுப்பு மை. இதை அவரிடம் கேட்கவில்லை. நானும் கம்ப்யூட்டர் பத்திரிகைகள் வாங்க ஆரம்பித்திருந்தேன். கடைசிப் பக்கத்தில் ‘விரைவில்’ என்று போட்டிருக்கும் படங்களை மாதா மாதம் பார்த்துப் பார்த்து, கையில் கிடைக்கிற எதுவும் பழசாகத் தெரியும் வியாதி எனக்கும் பிடித்துவிட்டது. ஒவ்வொரு மாதிரியின் எடை, நினைவகம், பேட்டரி தாங்கும் நேரம் எல்லாவற்றையும் கோடு போட்டு நோட்டில் எழுதி வைத்தேன். பன்னிரண்டு பக்கம். அந்தப் பன்னிரண்டு பக்கங்கள் இன்றும் பத்திரமாக இருக்கின்றன.

பிறகு தமிழ் எழுத்துப் பிரச்சினை. ஒரு தமிழ் மென்பொருளை நண்பரிடம் வாங்கிப் பார்த்தோம். கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் நின்றது. அடுத்த பதிப்பில் சரியாகிவிடும் என்றார்கள். அதற்கும் காத்திருந்தேன்.

அக்கா விடிகாலையில் அப்பச் சட்டியைச் சுழற்றிக்கொண்டே கேட்பார்.

“தம்பி, அந்த மெஷின் வந்துருச்சா?”

“அடுத்த மாசம் அக்கா. புதுசு ஒண்ணு வருது.”

“போன தடவையும் புதுசுதானே வந்துச்சு? அது என்னாச்சி, பழசாயிருச்சா?”

பக்கத்தில் நின்ற டாக்சிக்காரர் சிரித்தார். அக்கா அவரிடம் திரும்பி, “நீங்க சிரிக்காதீங்க அண்ணே. தம்பி மெஷின் வாங்கறதுக்குள்ள அந்தச் சங்கம் எனக்கே சாவுப் பணம் குடுத்துரும்” என்றார். நானும் சிரித்துவிட்டு மேலே வந்தேன்.

ஒருநாள், 1994 மார்ச் மாதம், சிரிக்காமல் கேட்டார். அப்பம் சுட்டு முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, படிக்கட்டில் என்னை நிறுத்தினார்.

“தம்பி, தப்பா நெனச்சுக்காதீங்க. ஒரு பேப்பர்ல என் வரிய மட்டும் எழுதி, சாப்பு வாங்கிட்டு வர முடியாதா? லைசென்ஸ்காரர் கடைய அவர் மருமகனுக்குக் கேக்குறாரு. நீல ஐ.சி. இருந்தா என் பேருக்கே லைசென்ஸ் கேட்டுப் பார்ப்பேன்.”

நான் அவருக்கு விளக்கம் சொன்னேன். ஒரு வரியை மட்டும் பிய்த்து எழுதினால் மதிப்பு இருக்காது, முழுப் பதிவேடும் முறையாக அச்சில் இருந்தால்தான் எந்த அதிகாரியும் மறுக்க முடியாது, கையால் படியெடுத்தால் பிழை வரும், பிழை வந்தால் மனுவே கெட்டுவிடும் என்று. படிக்கட்டில் நின்று, விரலை மடக்கி மடக்கிச் சொன்னேன். அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

“நீங்க படிச்சவரு, ஒங்களுக்குத் தெரியும்” என்று சொல்லி உள்ளே போனார்.

அன்று இரவு நாட்குறிப்பில் “அக்காவுக்கு முறையை விளக்கினேன்” என்று எழுதியிருக்கிறேன். விளக்கினேனாம்.

17.12.1994, சனிக்கிழமை. மச்சான் வீட்டில் பிள்ளைக்குப் பிறந்தநாள். சுபாங் ஜெயாவில் புதிதாக வாங்கிய இரண்டுமாடி வரிசை வீடு. சாப்பாட்டு மேசையில் பிரியாணிச் சட்டிக்குப் பக்கத்தில் ஒரு நோட்புக் திறந்திருந்தது. பிறந்தநாள் பாட்டுக்கான சொற்களை யாரோ அதில் அடித்து வைத்திருந்தார்கள். எனக்கு அது தெரிந்த முகம். மூலையில் அந்தக் கீறலோடு, 1992இல் கண்ணாடி அலமாரிக்குள் நான் குனிந்து பார்த்த அதே 386.

“இது அந்த மெஷின்தானே?”

“ஆமா அத்தான். கடைல டிஸ்ப்ளே பீஸ், மலிவா எடுத்துக்கிட்டேன். ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சி, ஒரு பிரச்சின இல்ல. சும்மா லெட்டர் அடிக்க இது போதும்.”

“எனக்கும் சும்மா லெட்டர் அடிக்கத்தானே வேணும்னு சொன்னேன்!”

நான் கத்தியதில் பலூன் பிடித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். என் மனைவி என் கையைப் பிடித்தார். மச்சானுக்கு நான் ஏன் கத்துகிறேன் என்றே புரியவில்லை. “அத்தான், ஒங்களுக்கு நல்ல பொருள் கெடைக்கட்டும்னுதான் லா...” என்றார். அவர் பொய் சொல்லவில்லை, அது எனக்குத் தெரியும். தெரிந்தும் கோபம் இறங்கவில்லை. கேக் வெட்டுமுன் கிளம்பிவிட்டேன்.

திங்கட்கிழமை, 19.12.1994 அன்று, கோலாலம்பூரில் வேறொரு கடையில் 486 ஒன்றுக்கு முன்பணம் கட்டினேன். கறுப்பு வெள்ளை. மூன்று வாரத்தில் வரும் என்றார்கள். வரவில்லை. 8.1.1995, இரண்டாம் ஞாயிறு. காலையில் குளித்து, சட்டையும் போட்டுக்கொண்டேன். பிறகு, மெஷின் இல்லாமல் போய் என்ன செய்வது, பிப்ரவரிக் கூட்டத்துக்கு மெஷினோடு போகலாம் என்று சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் பேப்பர் படித்தேன். அந்த வாரத்தில்தான் போகி வந்தது.

மெஷின் 4.2.1995 அன்று கைக்கு வந்தது. அக்கா வந்து பார்த்தார். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு மூடியை மட்டும் தொட்டார். “இவ்வளவுதானா?” என்றார். “இதுக்கா இத்தன நாளு?” ஆனால் முகம் மலர்ந்திருந்தது. அடுத்த ஞாயிறு கிள்ளானுக்குப் போகிறேன் என்றதும் ஐந்து அப்பம் இலையில் கட்டிக் கொடுத்தார்.

12.2.1995. படியேறும்போதே மாற்றம் தெரிந்தது. அறைக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். பழைய காரியதரிசி 1993இல் இறந்துவிட்டாராம். அவர் சாவுக்கு வராத வாரிசு உறுப்பினன் நான். புதியவர் முப்பது வயதுக்காரர், போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் கம்பெனியில் வேலை செய்பவர், சுறுசுறுப்பானவர். அலமாரி இருந்த இடத்தில் ஒரு மேசை. மேசைமேல் கம்ப்யூட்டர். பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, திரைமேல் கண்ணாடிக் காகித உறை போட்டிருந்தார்கள். உறைமேல் ஒரு எலுமிச்சம்பழம்.

“வாங்கண்ணே! பார்த்தீங்களா, நம்ம சங்கமும் முன்னேறிருச்சி. வியாபாரி ஒருத்தரு தானமாக் குடுத்தாரு. பொங்கலுக்குத் தொறப்பு விழா. இனிமே எல்லாம் இதுலதான்.”

“பழைய பதிவேடு எங்க?”

“இதுல நடப்பு மெம்பர் லிஸ்ட் பூரா ஏத்தியாச்சிண்ணே. ஒரு பேரு விடல.”

“இறந்தவங்க பதிவேடு, தம்பி. ரெண்டு பெரிய புத்தகம். பச்சை அட்டை.”

அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர் ஜன்னலைப் பார்த்தார்.

“அது பூச்சி அரிச்சிக் கெடந்துச்சிண்ணே. மேசை போட எடம் இல்ல. போகிக்கு எல்லாரும் கூடிச் சுத்தம் பண்ணுனோம். பழைய பாய், ஒடஞ்ச நாற்காலி, அந்த அலமாரி, புக்கு எல்லாத்தையும் பின்னால ஆத்தங்கரைப் பக்கமாக் கொண்டுபோயிக் கொளுத்திட்டோம். முறைப்படி சூடம் காட்டித்தான்.”

சூடம் காட்டினார்களாம். இரண்டு தலைமுறை மூட்டை தூக்கிச் செத்தவர்களின் பெயரையும் ஊரையும் பிள்ளைகளையும் உடைந்த நாற்காலியோடு சேர்த்து, சூடம் காட்டி.

அன்று நான் பேசியதை இங்கே எழுதப் போவதில்லை. அச்சில் வரக்கூடாத சொற்களும் இருந்தன. கீழே மளிகைக் கடைக்காரர் மேலே ஏறி வந்து பார்க்கும் அளவுக்குச் சத்தம் போட்டேன். புதிய காரியதரிசி முதலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு அவருக்கும் ரோஷம் வந்தது.

“அண்ணே, நீங்க மெம்பர் வாரிசு. பழைய காரியதரிசி ஐயா சாகறதுக்கு முன்னாடி, ஒருத்தர் கம்ப்யூட்டரோட வருவாரு, அவருக்கு புக்கக் காட்டுன்னு என்கிட்ட சொன்னாரு. ஒவ்வொரு கூட்டத்துக்கும் எடுத்து வெச்சிப் பார்த்தேன். ஒருத்தரும் வரல. இனிமே யாருக்கு வேணும்னு நெனச்சிட்டோம்.”

படியிறங்கி வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது எண்ணிப் பார்த்தேன். 1992 ஜூலையிலிருந்து 1995 ஜனவரி வரை முப்பத்தொரு இரண்டாம் ஞாயிறுகள். முப்பத்தொன்றிலும் நான் வீட்டில் இருந்தேன். பையில் மெஷின் ஒரு செங்கல் கனம் கனத்தது. அப்பம் ஊசிப்போயிருந்தது.

அக்காவிடம் சொல்ல இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் பின்வாசல் வழியாக வேலைக்குப் போனேன். மூன்றாம் நாள் அவரே மேலே வந்துவிட்டார். சொன்னேன். அவர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். நாற்காலி நுனியில் உட்கார்ந்து என் மெஷினைப் பார்த்தார்.

“நீங்க பார்த்தீங்கல்ல தம்பி? ஒங்க கண்ணால பார்த்தீங்கல்ல? அது போதுமான்னு கேட்டுப் பார்ப்போம்.”

கேட்டுப் பார்த்தோம். பதிவேட்டைக் கண்ணால் பார்த்தவர் சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுத்தால் மனுவோடு சேர்க்கலாம் என்றார்கள். என் புதிய மெஷினில் முதலில் அடித்த காகிதம் அதுதான். 6.3.1995. சங்கத்தின் பெயர், பதிவேட்டின் எண், பக்கம் 61, பார்த்த தேதி. இறந்தவர் பெயர், மனைவி பெயர், நான்காவது பிள்ளை பெயர். அத்தனையும் எனக்கு நினைவில் இருந்தது, ஏனென்றால் அவற்றை நான் தேடிக்கொண்டு போயிருந்தேன். பிறகு அடுத்த வரிக்கு வந்தேன். நான்காவது பிள்ளை பிறந்த இடம்.

விரல் நின்றுவிட்டது. பிறந்த இடத்துப் பத்தி கண்ணில் தெரிந்தது. முதல் பிள்ளைக்கு நேராக ஓர் ஊர்ப்பெயர். இரண்டாவதுக்கு ‘௸’. மூன்றாவதுக்கு ‘௸’. அதற்குக் கீழே?

“இவ்விடம்னுதான் இருக்கும் தம்பி” என்றார் அக்கா. “வேற எங்க பொறந்திருப்பேன்? எங்கம்மா பொய் சொல்லுமா?”

“இருக்கும் அக்கா. ஆனா நான் பார்த்தேன்னு சத்தியம் பண்ணணும்.”

“பொய்ச் சத்தியம் பண்ணச் சொல்லல. பார்த்ததத்தான் சொல்லச் சொல்றேன்.”

“பார்த்தேன். ஞாபகம் வரல.”

என் மனைவி அடுப்படியிலிருந்து, “எழுதிக் குடுத்தாத்தான் என்ன? ஒங்க கையி தேஞ்சா போயிரும்?” என்றார். எழுதவில்லை. தெரியாததைத் தெரியும் என்று என் வாழ்நாளில் எழுதியதில்லை என்று சொன்னேன். அப்படிச் சொன்ன வாயை இப்போது அறையலாம் போல இருக்கிறது. ஆனாலும் இன்றைக்கும் எழுத மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். இரண்டும் உண்மை.

பிறந்த இடம் என்ற வரி இல்லாமலே காகிதத்தை அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டேன். அக்கா அதை வாங்கி, எழுத்துக்கூட்டி மெதுவாகப் படித்தார். “பக்க நம்பரு மட்டும் கரெக்டா இருக்கு” என்றார். மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அந்த மாதக் கடைசியில் மச்சான் வீட்டுக்கு வந்தார். எல்லாக் கோபத்தையும் அவர்மேல் கொட்டினேன். உன்னால்தான், உன் ‘பொறுங்க’தான், மூன்று மாதம் மூன்று மாதம் என்று இரண்டரை வருடம் என்றேன். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் நிமிர்ந்தார்.

“அத்தான், நான் மெஷின் வாங்கத்தான் பொறுக்கச் சொன்னேன். பேனா எடுக்கவா பொறுக்கச் சொன்னேன்?”

அதற்குப் பிறகு நானும் அவரும் ஒரு வருடம் பேசிக்கொள்ளவில்லை. அவர் சொன்னது தவறு என்பதால் அல்ல.

மனு போன இடத்திலிருந்து அக்காவுக்குக் கிடைத்த பதில், ‘துங்கு டூலு’. மலாயில் கொஞ்சம் பொறு என்று அர்த்தம். கவுண்டரில் இருந்த பெண் அன்பாகத்தான் சொன்னாராம். 1996இல் லைசென்ஸ்காரர் கடையை மருமகனுக்கு வாங்கிக்கொண்டார். அக்கா போர்ட் கிள்ளானில் மகன் வீட்டோடு போய்விட்டார். போகும்போது அப்பச் சட்டியை என் மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போனார். என்னிடம் “வரேன் தம்பி” என்றார். போன மாதம் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இன்னும் சிவப்பு ஐ.சி.தான். மனு இன்னும் பரிசீலனையில் இருக்கிறது.

இந்த 486 இப்போது பழசாகிவிட்டது. பேட்டரி சாகும் நிலையில் இருக்கிறது. மாற்ற வேண்டாம், புதிது வரட்டும் என்று மச்சான் சொல்கிறார். இதைப் பேனாவால்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பழைய கமிட்டி ஆட்கள் நான்கு பேரைத் தேடிப் போய் விசாரித்தேன். ஒருவருக்கும் அந்தப் பக்கம் நினைவில்லை. வேறு பிரதி எடுக்கப்பட்டதாகத் தெரியவில்லை. எனவே, இரண்டாம் பதிவேடு, பக்கம் 61, பிள்ளைகள் பிறந்த இடம் என்ற பத்தியில் நான்காவது வரியில் இருந்தது ‘இவ்விடம்’ என்ற சொல்லா, ‘௸’ குறியா என்பது இந்த நாள்வரை சரிபார்க்கப்படவில்லை.